ஒன்றரை சகலை நீளம்

"உள்ளே போய் உட்கார்ந்து பாருங்க. அப்பத்தான் ஒரு போர்வீரனோட வாழ்க்கை என்னன்னு புரியும்" என்று பிரிகேடியர் சொன்னபோது சின்ன மாப்பிள்ளை நம்பித் தொலைத்தார். குனிந்து, கவச வண்டியின் பின்பக்கமாக நுழைந்து, இருட்டில் எதிலோ நெற்றியை இடித்துக்கொண்டு, மரியாதைக்கு ஒரு "ஆஹா" சொல்வதற்குள் பின்கதவு மூடிக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அதன்மேல் பூட்டு ஒன்று சொடுக்கியது.

போர்வீரனின் வாழ்க்கை நன்றாகவே புரிந்தது.

"அண்ணே, சும்மா விளையாட்டுக்கு மூடியிருப்பாரோ?"

"விளையாட்டுக்கு மூடுறவன் பூட்டு மாட்ட மாட்டான், சகலை."

பெரிய மாப்பிள்ளை பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல மடியில் டப்பாவை வைத்துக்கொண்டார். பதற்றத்தை அவர் எப்போதும் கூட்டாளிக்கு விட்டுவிடுகிறவர்.

இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அக்காவைக் கட்டிய பெரியவர் காப்பீட்டுக் கம்பெனியில் சர்வேயராக இருந்தவர். எரிந்த கடையின் சாம்பலைப் பார்த்தே, கடைக்காரர் தீக்குச்சியை எந்தக் கையால் கிழித்தார் என்று சொல்லக்கூடியவர். தங்கையைக் கட்டிய சின்னவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். எல்லோர் கையிலும் கேமரா வந்தபிறகு வாயை மட்டும் வைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பெரியவர் துப்பறியும் நிலையம் தொடங்கியபோது அந்த வாய்க்கு வேலை கிடைத்தது. மாமனார் வீட்டில் கூப்பிட்ட பெயர்களே ஊரிலும் நிலைத்துவிட்டன.

"கத்திப் பார்க்கலாமா?"

"பாரு."

சின்னவர் கத்தினார். பக்கத்துச் சுவரிலிருந்த பார்வைத் துளையில் வாயை வைத்துக் கத்தினார். துளை என்று பெயர்தானே ஒழிய, உள்ளங்கைப் பருமனுக்குக் கண்ணாடி வைத்து அடைத்திருந்தது. அதன் வழியே அரங்கம் தெரிந்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள், மேடை, மேடையில் வெல்வெட் துணி, ஓரத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள். சின்னவர் இரண்டாவது முறை வாயைத் திறந்த அதே நேரத்தில் பாண்டுக்காரர்களும் ஊதத் தொடங்கினார்கள்.

"எனக்குன்னே காத்திருந்த மாதிரி ஆரம்பிக்கிறானுங்களேண்ணே."

"உனக்காகத்தான். அந்த ஆள் நம்மளை உள்ள தள்ளிட்டு நேரா அவங்ககிட்டதான் போனார்."

வண்டியைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, 'பெயிண்ட் ஈரம்' என்று பலகையும் மாட்டியாகிவிட்டது. யாரும் கிட்டே வரப்போவதில்லை. கைப்பேசிகள் வரவேற்பு மேசையில் கிடந்தன. 'வீர வாகன அரங்கத்தின் கண்ணியம் கருதி' வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பிரிகேடியர் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. ராணுவச் சீருடைக்குப் பொத்தான் செய்துகொடுத்த கம்பெனி அவருடையது. முதலில் நண்பர்கள் வேடிக்கையாக கேப்டன் என்றார்கள். அவர் வேடிக்கையைக் கழித்துவிட்டு கேப்டனை வைத்துக்கொண்டார். பிறகு யாருடைய சிபாரிசும் இல்லாமல் மேஜரானார், கர்னலானார். பழைய பஸ் பணிமனை ஒன்றை வாங்கி, டாங்கிகளின் சிறு மாடல்களை அடுக்கி, நடுவில் இந்த நிஜக் கவச வண்டியையும் கொண்டுவந்து நிறுத்திய அன்று பிரிகேடியர். மார்பில் மின்னும் பதக்கங்கள் அனைத்தும் சொந்தத் தயாரிப்பு.

ஆனால் மாடல்கள் சொந்தத் தயாரிப்பு அல்ல. அவருடைய தங்கை புருஷன் செய்தவை. நிஜ அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு ரிவெட்டு ஆணிகூட இடம் மாறாது. அந்த மாடல்காரர்தான் இப்போது காணாமல் போயிருந்தார். "வீட்டை விட்டு ஓடிட்டான்" என்று பிரிகேடியர் போலீசில் சொன்னார்; பதக்கம் போட்டவர் சொன்னதை அவர்களும் எழுதிக்கொண்டார்கள். தங்கை நம்பவில்லை. பல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கும் அவர், அண்ணனுடைய அரங்கத்தின் பின்சந்தில் குப்பை மூட்டைகளைக் கிளறி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கவச வண்டியைக் கண்டெடுத்தார். வண்ணம் அடிக்காத வெள்ளை பிளாஸ்டிக். பசை வாசம் இன்னும் போகவில்லை.

"இது அவர் கைதான். முதல்ல ஒண்ணு வெள்ளையா செஞ்சு பார்த்துட்டுத்தான் அடுத்ததை நிஜமா செய்வார்" என்று அதைத் துப்பறியும் நிலையத்து மேசையில் வைத்தார் அந்த அம்மாள். "அவர் உயிரோட இருக்கார். எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

அந்த வெள்ளை வண்டிதான் பெரியவரின் மடியிலிருந்த டப்பாவில். பொழுதுபோக்குப் பத்திரிகைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த இவர்கள் இருவரின் டப்பாவைப் பிரிகேடியர் திறந்து பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் மாறவில்லை. வாழ்க்கையைப் புரியவைக்கிறேன் என்றார், அவ்வளவுதான்.

"அவர் சாயங்காலம் விமானம் ஏறுறார் அண்ணே. மாடலைத் தூக்கிக்கிட்டு வெளிநாட்டுப் போட்டிக்குப் போறார். திரும்பி வரவரைக்கும் அரங்கம் பூட்டு. வரவேற்புல அந்தப் பொண்ணு சொல்லிச்சே!"

"ஆமா."

"என்னத்த ஆமா? நம்ம கதி?"

"நம்ம கதியை நம்ம வீட்டுக்காரிங்க பாத்துப்பாங்க. ராத்திரி வரலைன்னா ஊரையே பிரிச்சு மேய்ஞ்சுடுவாங்க. அந்த மாடல்காரனை அடைச்சு வெச்சவனும் இவன்தான், சோறு போடுறவனும் இவன்தான். இவன் ஊருக்குப் போயிட்டா அவனுக்கு யாரு?"

சின்னவர் இடித்த நெற்றியைத் தடவிக்கொண்டே பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பெரியவர் வெள்ளை மாடலைத் துளையின் வெளிச்சத்தில் பிடித்தார். "வாசல்ல ஒரு டாங்கி மாடல் இருந்துச்சே, பாத்தியா?"

"ரயில் பெட்டி மாதிரி நீளமா?"

"அது மட்டும் பிரிகேடியரே செஞ்சது. புஸ்தகத்துல டாங்கியோட நீளம்னு ஒரு எண் போட்டிருக்கும். அது பீரங்கிக் குழல் நுனி வரைக்கும் சேர்த்து. இவர் உடம்பை மட்டும் அந்த நீளத்துக்கு இழுத்துட்டு, அப்புறம் குழலையும் தனியா வெச்சிருக்கார். யாரும் சொல்லல. பதக்கம் போட்டவன்கிட்ட எவன் சொல்வான்? ஆனா இதப் பாரு. இந்த வண்டியோட உட்புறத்துக்குப் புஸ்தகத்துல அளவே கிடையாது. பெஞ்சு, பிடி, மடிப்பு எல்லாம் இருக்கு. இதே வண்டிக்குள்ள வந்து உட்கார்ந்து அளந்திருக்கான்."

"அளந்துட்டு வெளியில போனானே, எந்த வழியா? அதைச் சொல்லுங்க."

"அதான் கேள்வி. மாடல் பொய் சொல்லாது. வண்டியும் மாடலும் எங்க ஒத்துப் போகலையோ, அங்க யாரோ அப்புறமா கை வெச்சிருக்காங்க."

டப்பாவில் அந்த அம்மாள் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் பட்டையும் இருந்தது. மாடல்காரர் தன் கையால் கோடு கீறியது, விரல் நீளம். மாடல்மேல் வைத்தால் நிஜ வண்டியின் அளவை நேராகச் சொல்லிவிடும். மாடலை அளக்க அது போதும். நிஜ வண்டியை அளக்க?

"இதையே தரையில வெச்சு வெச்சுப் போகலாமேண்ணே."

"இந்த மேடு பள்ளத்துல விரல் நீளத்தை வெச்சு வெச்சுப் போனா, ஒவ்வொரு தடவையும் மயிரிழை நகரும். கடைசியில ஒரு முழம் தப்பா வந்து நிக்கும். நீளமா, முழுசா, அளவு தெரிஞ்ச ஒரு பொருள் வேணும்." பெரியவரின் பார்வை மெதுவாகச் சின்னவர்மேல் வந்து நின்றது. "உன் உயரம் என்ன?"

சின்னவர் தயங்கவேயில்லை. "அஞ்சடி ஏழு."

"நூத்தியெழுபது சென்டிமீட்டர். படு."

"எதுக்கு?"

"நீதான் ஸ்கேல்."

சின்னவர் படுத்தார். இருந்த ஒரே நல்ல சட்டை. இஸ்திரி போட்ட சட்டை. டப்பாவைக் கட்டியிருந்த நூல்கயிற்றை அவர் உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை நீட்டிப் பெரியவர் முடிச்சுப் போட்டார். அந்த நேரத்திலிருந்து உலகத்தில் ஒரு புதிய அளவு பிறந்தது. மடித்தால் அரை சகலை. மறுபடி மடித்தால் கால் சகலை.

குறுக்கே வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு சகலை அகலம். நீளவாக்கில், முன்பக்க இரும்புத் தடுப்பிலிருந்து பின்கதவுவரை, ஒன்றரை சகலை. தரையிலிருந்து கூரைக்கு முக்கால் சகலை.

"முக்காலாத்தான் நிக்க முடியுது. முதுகு போச்சு" என்றார் ஸ்கேல்.

பெரியவர் மனக்கணக்குப் போட்டார். பட்டையை மாடலுக்குள் நுழைத்து நுழைத்துப் படித்தார். "உயரம் சரியா இருக்கு. உன் கணக்குல நூத்தியிருபத்தேழரை, மாடல்ல நூத்தியிருபத்தெட்டு. அப்போ தரையில எந்தக் கோளாறும் இல்ல, விட்டுடு. ஆனா நீளம் இடிக்குது. உன் கணக்குல இருநூத்தியம்பத்தஞ்சு. மாடல்ல இருநூத்தி நாப்பத்திமூணுதான். பன்னிரண்டு சென்டிமீட்டர் கூட இருக்கு."

"அப்படின்னா?"

"முன்னாடி தடுப்பு. அதை யாரோ தள்ளி வெச்சிருக்கான். அதுக்குப் பின்னாடி ஏதோ இருக்கு."

இருவரும் பெஞ்சின் தாங்கியை ஆட்டி ஆட்டி, ஒரு இரும்புக் கம்பியைப் பிடுங்கி எடுத்தார்கள். தடுப்பை இடித்தார்கள். பாண்டு இசைக்குத் தாளம் போடுவதுபோல இடித்தார்கள். தடுப்பின் ஓரமெல்லாம் பழைய வெல்டிங். பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சின்னவர் கையில் இரண்டு கொப்புளம் வந்ததுதான் மிச்சம். காற்று கனத்துப்போயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. யாரோ மைக்கில் "ஹலோ, ஹலோ" என்று சோதித்தார்கள்.

"அண்ணே, உங்க மூளையை நம்பி நான் எத்தனையோ இடத்துக்கு வந்திருக்கேன். பிணவறைக்குக்கூட வந்தேன். அங்க ஜன்னல் இருந்துச்சு."

பெரியவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றை எடுத்து மறுபடி குறுக்கே பிடித்தார். பட்டையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கடைசியில் சின்னவரைப் பார்த்தார். காப்பீட்டுக் கம்பெனியில் கடைக்காரர்களைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அகலத்தை நான் ஒப்பிடவே இல்ல பாரு. உன் கணக்குல நூத்தியெழுபது. மாடல்ல நூத்தியறுபத்திரண்டு."

"பக்கச் சுவரையும் நகர்த்திட்டானா?"

"நீளத்துல நூத்துக்கு அஞ்சு கூட. அகலத்துலயும் நூத்துக்கு அஞ்சு கூட. வண்டி ரெண்டு பக்கமும் ஒரே வீதத்துல வளராது, சகலை. வளர்ந்திருக்கிறது ஸ்கேல்."

வெளியே பாண்டுக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டார்கள்.

"அஞ்சடி ஏழுன்னு எங்க எழுதிக் கொடுத்தே?"

"...ஜாதகத்தோட."

"பொண்ணு பாக்க வந்தப்போவா?"

"காலையில எழுந்ததும் பாத்தா அவ்வளவு இருக்கும்ணே."

"காலையில எட்டு சென்டிமீட்டர் வளர்றதுக்கு நீ என்ன முள்ளங்கியா? இந்த மாடல்காரன் உன்னைப் பார்த்ததே கிடையாது. ஆனா உன் உயரத்தைக் கரெக்டா சொல்லிட்டான். நூத்தியறுபத்திரண்டு."

"வீட்ல சொல்லிடாதீங்கண்ணே."

"உன் பொண்டாட்டிக்கா? மாலை மாத்தும்போது பக்கத்துல நின்னவடா அவ. அவளுக்கு இல்லாத ஸ்கேலா?"

சின்னவர் அத்தனை வருட மானத்தையும் இழந்த முகத்தோடு பெஞ்சில் சரிந்தார். ஆனால் பெரியவர் அதற்குள் மானத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார். உதடுகள் முணுமுணுத்தன.

"உன்னைக் குறைச்சுட்டு மறுபடி போடுறேன். நீளம் ஒன்றரை சகலை, இருநூத்தி நாப்பத்திமூணு. மாடலோட ஒத்துப்போச்சு. அகலம் ஒத்துப்போச்சு. உயரம், முக்கால் சகலை..." நிறுத்தினார். "நூத்தியிருபத்தொண்ணரை. மாடல்ல நூத்தியிருபத்தெட்டு."

"ஆறு குறையுதே!"

"ஆறரை. தப்பா இருந்ததெல்லாம் சரி. சரியா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. உன் பொய் அதைப் போர்வை போட்டு மூடி வெச்சிருந்துது." பெரியவர் காலால் தரையைத் தட்டினார். "கூரை இறங்கல. தரைதான் ஏறியிருக்கு."

ரப்பர் விரிப்பைச் சுருட்டினார்கள். அதன் கீழே, சுவரோடு சுவராகப் பொருத்திய பிளைவுட். உயரம் சரி என்று கணக்கு சொன்னதால், விரிப்பை எடுத்துக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டதுதான். கம்பியை ஓரத்தில் கொடுத்து நெம்பியபோது பலகை முனகிக்கொண்டு எழுந்தது. கீழே மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே நிஜத் தரை, பச்சை இரும்பு, அதில் வட்டமாக ஒரு மூடி.

பெரியவர் மாடலைக் கவிழ்த்தார். வெள்ளை வண்டியின் அடிவயிற்றில் அதே வட்டம். அதைச் சுற்றி ரிவெட்டுகள். ஓரத்தில் ஒரு தகடு நெளிந்துபோயிருந்த நெளிவுகூட விடுபடாமல் இருந்தது.

"சகலை, வெளியில வண்டி எப்படி நிக்குது?"

"நிக்கல, உக்காந்திருக்கு. சக்கரமும் இல்ல, சங்கிலியும் இல்ல. தரையோட தரையா இருக்கு. அடியில ஒரு தபால் கவர்கூடப் போகாது."

"அப்போ இந்த நெளிவை அவன் எங்க படுத்துக்கிட்டுப் பார்த்தான்?"

சின்னவர் குனிந்து மூடியின் விளிம்பைத் தடவினார். இது என்னவாக இருந்த கட்டடம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் பணிமனை. பஸ்ஸுக்கு அடியில் நின்று பழுதுபார்க்கக் குழி தோண்டாத பணிமனை எங்கே இருக்கிறது?

மூடியின் பிடியை இருவரும் சேர்ந்து திருப்பினார்கள். அது எழும்பியதும் முதலில் வந்தது பசை வாசம். அடுத்து மஞ்சள் வெளிச்சம். அதற்கடுத்து ஒரு எரிச்சலான குரல்:

"மெதுவா! தூசி விழுது. இன்னும் பெயிண்ட் காயல!"

குழிக்குள், ஒரு மேசை விளக்கின் கீழ், நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒல்லி மனிதர் ஒருவர், மேசைமேலிருந்த ஒரு புதிய மாடலை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மேசையில் தேய்ந்துபோன பல் டாக்டர் கருவிகள் வரிசையாக இருந்தன. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை.

"யார் நீங்க? மச்சான் அனுப்பினாரா?"

"உங்க சம்சாரம் அனுப்பினாங்க" என்றார் பெரியவர், துளையில் தலையைத் தொங்கவிட்டபடி.

"அவளுக்குத்தான் தெரியுமே நான் இங்க இருக்கேன்னு. தொந்தரவு பண்ணாம இருக்கட்டும்னு மச்சான் சொல்லிட்டாராமே. தினம் அவதானே சாப்பாடு குடுத்து விடுறா?"

சின்னவர் மேசை ஓரத்தில் கிடந்த ரொட்டி உறையைப் பார்த்தார். கடை ரொட்டி. வீட்டில் சமைக்கத் தெரிந்த ஒரு மனைவி தினமும் கடை ரொட்டியா கொடுத்தனுப்புவாள் என்று இந்த மனிதருக்குத் தோன்றவில்லை. ரிவெட்டை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு ரொட்டியைப் பார்க்க நேரமில்லை.

"சார், அந்த அம்மா உங்களைத் தேடாத இடம் இல்ல. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு, ஆஸ்பத்திரி வார்டு, கடைசியில குப்பைத்தொட்டி. நீங்க வீட்டை விட்டு ஓடிட்டீங்கன்னு உங்க மச்சான் எழுதிக் குடுத்திருக்கார்."

"ஓடிட்டேனா? நான் இங்கதானே இருக்கேன்!"

"பூட்டி வெச்சிருக்கார்."

"சேச்சே. பூட்டெல்லாம் இல்ல. வேலை முடியற வரைக்கும் யாரும் வராம சாத்தி வெச்சிருக்கார், அவ்வளவுதான்."

"திறந்து பார்த்தீங்களா?"

மாடல்காரர் கதவிருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "திறக்கணும்னு தோணவே இல்லையே."

சின்னவர் துளை வழியாக இறங்கினார். இந்த ஒரு விஷயத்துக்கு உயரம் குறைவாக இருந்தது வசதியாகவே இருந்தது. குழியின் கோடியில் படிகள்; படிகளின் உச்சியில் இரும்புக் கதவு. தோளால் தள்ளினார். இழுத்தார். உதைத்தார். கதவு அசையவில்லை.

மாடல்காரர் பின்னாலேயே வந்து, தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிடியிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்ல வழிந்து போயிற்று. "மேலே வண்டிக்குள்ள போய் அளந்து முடிச்ச மறுநாள் பலகை அடிக்கிற சத்தம் கேட்டுது. தரை போடுறாங்கன்னு நினைச்சேன்" என்றார் கதவைப் பார்த்து.

படிக்குக் கீழே புதிதாக வைத்த ஒரு அட்டைப்பெட்டி. ரொட்டி, பிஸ்கட், தண்ணீர் கேன்கள். ஊருக்குப் போகிறவன் தொட்டி மீனுக்கு இரையை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவதுபோல. எத்தனை நாளைக்கு வரும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை.

"சரி, வெளியில போற வழி?" என்று மேலேயிருந்து பெரியவர்.

"இதுவரைக்கும் ரெண்டு பேர் மாட்டியிருந்தோம். இப்ப மூணு பேர். முன்னேற்றம்தான்" என்றார் சின்னவர். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை.

வேறு வழியில்லாமல் கீழே இருந்த இருவரும் வண்டிக்குள்ளேயே ஏறினார்கள். பார்வைத் துளைக்கு முன்னால் மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. பாண்டு நின்றிருந்தது. மேடையில் பிரிகேடியர்; வெல்வெட்டின்மேல், வண்ணம் தீட்டி முடித்த கவச வண்டி மாடல். பக்கத்தில் நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு அம்மாள். வெளிநாட்டுப் போட்டிக்கு இங்கேயே முதல் தேர்வு நடத்த வந்த நடுவர். கடைசி வரிசையில், பெரியவர் உட்காரச் சொன்ன இடத்தில், மாடல்காரரின் மனைவி. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சத்தம் இல்ல. அடிங்கண்ணே!"

பெரியவர் கம்பியை ஓங்கினார். மாடல்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் சார். கவிழ்த்துப் பாக்குறாங்க."

"என்னது?"

"அடிவயித்தைப் பாக்குறாங்க. யாருமே பாக்க மாட்டாங்க. இவங்க பாக்குறாங்க."

"யோவ், உயிர் போற நேரத்துல உனக்கு மார்க்கா?" என்று சின்னவர் சீறினார். ஆனால் பெரியவர் கம்பியை இறக்கிவிட்டார். நடுவரின் உதடு அசைவதை அவரும் பார்த்துவிட்டார்.

மைக் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தது.

"இந்த வண்டியோட அடிப்பக்கத்துக்கு எந்தப் புஸ்தகத்துலயும் வரைபடம் கிடையாது. இவ்வளவு துல்லியமா எப்படி அளந்தீங்க?"

பிரிகேடியர் மைக்கை வாங்கிக்கொண்டார். அவரால் மைக்கைக் கண்டால் விட முடியாது. "நானே அளந்தேன், அம்மா! மல்லாந்து படுத்து, அங்குலம் அங்குலமாக! ஒரு வீரன் தன் வண்டியின் அடிவயிற்றை அறிந்திருக்க வேண்டும்!"

கைதட்டல்.

"எந்த வண்டியில?"

"அதோ! அதே வண்டியில்!" என்று கையை நீட்டினார், பதக்கங்கள் குலுங்க.

அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கயிற்றுக்கும் 'பெயிண்ட் ஈரம்' பலகைக்கும் பின்னால், சக்கரம் இல்லாத அந்த இரும்புப் பெட்டி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. நடுவர் வண்டியின் அடியைப் பார்த்தார். பிறகு பிரிகேடியரின் தொப்பையைப் பார்த்தார். மறுபடி வண்டியின் அடியைப் பார்த்தார்.

"அதுக்கு அடியிலயா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரிகேடியரின் வாய் திறந்தது. குழி இருக்கிறது என்று சொன்னால் குழியைக் காட்ட வேண்டும். இல்லை என்று சொன்னால், படுத்தது யார் என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தபடியே இருந்தது.

"இப்போ" என்றார் பெரியவர்.

கம்பியை மாடல்காரர் வாங்கினார். சுவரில் ஓங்கி ஒரு அடி. இன்னொன்று. இன்னொன்று. அத்தனை நாள் ஒரு ரிவெட்டைக்கூட மூச்சடக்கித் தொட்ட கை அது.

"எலி" என்றார் பிரிகேடியர் மைக்கில். "பழைய கட்டடம். பெரிய எலி."

அதற்குள் கடைசி வரிசையில் மாடல்காரரின் மனைவி எழுந்துவிட்டார். கைப்பை நாற்காலியிலேயே கிடந்தது. அவர் ஓடவில்லை, நேராக நடந்து வந்தார். கயிறு அறுந்ததா, அவிழ்ந்ததா தெரியவில்லை. பலகை தரையில் விழுந்தது. பார்வைத் துளையில் ஒரு கண் வந்து பதிந்தது. இந்தப் பக்கம் மாடல்காரரின் கண், பூதக்கண்ணாடியோடு, நிஜத்தைவிடப் பல மடங்கு பெரிதாக.

அந்த அம்மாள் கண்ணாடியில் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்தார். பின்கதவுப் பக்கம் போனார். பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேடையின் அடிவரை நடந்து போய், தலை நிமிர்ந்து, கையை நீட்டினார்.

"அண்ணா, சாவி."

அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. பிரிகேடியரின் வலது கை, அவருடைய உத்தரவு இல்லாமலேயே, கால்சட்டைப் பைக்குள் போயிற்று. சாவிக்கொத்தோடு வெளியே வந்த பிறகு, மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், அத்தனை பேருக்கும் முன்னால் அந்தரத்திலேயே நின்றது.